தாசேக் பெராவில் மூன்று நாள்: கனூ, கூடாரம், தூண்டிலுடன் முதல் முறை போகிறவர்களுக்கு

கோலாலம்பூரிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் போனால், பகாங் மாநிலத்தின் தென்மேற்கில் தாசேக் பெரா வரும். ஏரி என்று பெயர் இருந்தாலும், அகன்ற நீர்ப்பரப்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள். நீரில் நிற்கும் தாழைப் புதர், கோரை, சதுப்புக் காடு, இவற்றுக்கு நடுவே கறுத்த தண்ணீர் ஓடும் குறுகலான வாய்க்கால்கள், இவை எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஈரநிலம் அது. ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு ராம்சார் ஒப்பந்தத்தின் கீழ் மலேசியா பதிவு செய்த முதல் ஈரநிலமும் இதுதான், 1994-இல். குறுகிய வாய்க்கால்களுக்குள் நுழைந்து பார்க்க, துடுப்புப் போடும் சிறு படகான கனூவை விடப் பொருத்தமான வாகனம் கிடையாது.

நாங்கள் நண்பர்கள் ஆறு பேர் முதல் முறை போனபோது, இரண்டாம் நாள் மாலை தாழைப் புதர்களுக்குள் வழி தவறினோம். ஐந்து மணிக்கு முகாமுக்குத் திரும்பியிருக்க வேண்டியவர்கள், எட்டரை மணிக்கு ஒரு செமெலாய் பூர்வகுடிப் பெரியவரின் கைவிளக்கு வெளிச்சத்தைப் பின்தொடர்ந்து கரை சேர்ந்தோம். யாருக்கும் காயம் இல்லை. ஆனால் அந்த மூன்றரை மணி நேரத்தில் எங்களில் இருவர் அழுதார்கள். வழிகாட்டிக்கு ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்த நினைத்ததுதான் காரணம். அதன் பிறகு இரண்டு முறை முறையாகப் போய் வந்துவிட்டோம். நாங்கள் பட்டதை நீங்கள் படக்கூடாது என்பதற்காக, செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. விடுப்பைப் பார்த்து நாள் குறிக்காதீர்கள்

நம்மவர்கள் செய்யும் முதல் தவறு இது. எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் விடுப்புக் கிடைப்பது தீபாவளி வாரத்தில்தான் என்று அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ நாள் குறிப்பார்கள். பகாங்கில் நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்யும் காலம். 2014 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் அந்த மாநிலத்தைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். அந்த மாதங்களை அடியோடு விட்டுவிடுங்கள். தைப்பூச விடுமுறையும் சரிவராது. மழையின் வால் அப்போதும் இருக்கும். நண்பர்களில் பாதிப் பேர் விரதத்தில் இருப்பார்கள்.

தண்ணீர் மட்டம் ஏன் இவ்வளவு முக்கியம்? பெரா ஆழமில்லாத ஏரி. மழை பெய்தால் நீர் ஏறிக் காட்டுக்குள் பரவும். மீன்களும் அதோடு காட்டுக்குள் போய்விடும். மரங்களுக்கு இடையே தூண்டில் வீசவும் முடியாது. கூடாரம் போடக் காய்ந்த மண்ணும் கிடைக்காது. வறட்சியில் நேர்மாறு. மீன் ஆழமான மடுக்களில் கூடியிருக்கும், ஆனால் வாய்க்கால்கள் சேற்றில் முடிந்து, கனூவை இறங்கி இழுக்க வேண்டியிருக்கும். நீர் ஏறி, பிறகு மெல்ல வடிந்துகொண்டிருக்கும் வாரங்களே நமக்கு வேண்டியவை. எங்களுக்கு ஒரு முறை மார்ச் முதல் வாரமும், இன்னொரு முறை ஜூன் கடைசியும் நன்றாக அமைந்தன.

எனவே இப்படிச் செய்யுங்கள். மூன்று வார இறுதிகளை உத்தேசமாகக் குறித்துக்கொள்ளுங்கள். வழிகாட்டியிடம் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று கேட்டு அவற்றில் ஒன்றை உறுதி செய்யுங்கள். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு மறுபடியும் கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் போகாதீர்கள். வாடகைக் கடையில் கட்டிய முன்பணம் போனாலும் பரவாயில்லை.

2. வழிகாட்டி

வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

பெராவின் கரைகளில் வாழ்பவர்கள் செமெலாய் பூர்வகுடி மக்கள். போஸ் இஸ்கந்தார் அவர்களுடைய முக்கியக் குடியிருப்பு. பல தலைமுறைகளாக மரத்தைக் குடைந்து செய்த தோணிகளில் இந்த வாய்க்கால்களில் போய் வருகிறவர்கள். ராசாவ் என்று அவர்கள் சொல்லும் நீர்த்தாழை, இரண்டு ஆள் உயரத்துக்கு இரு பக்கமும் சுவர்போல் நிற்கும். உட்கார்ந்த நிலையில் உங்களுக்கு வானமும் தாழையும் மட்டுமே தெரியும். ஒரு திருப்பத்துக்கும் அடுத்த திருப்பத்துக்கும் வித்தியாசமே இருக்காது. தண்ணீர் ஓரடி ஏறினாலோ இறங்கினாலோ காலையில் வந்த வழி மாலையில் வேறு வழியாகத் தோன்றும். எங்கள் கைப்பேசி வரைபடத்தில் அந்த இடம் முழுவதும் ஒரே நிறத்தில் இருந்தது. ஒரு வாய்க்காலைக்கூட அது காட்டவில்லை.

குறைந்தது மூன்று வாரம் முன்பே வழிகாட்டியைப் பேசி முடியுங்கள். மூன்று கனூவுக்கு ஒருவர் போதும். நான்காவது சேர்ந்தால் இரண்டு பேர் வேண்டும். மோட்டார் வைத்த சிறு படகோடு வருகிறவராக இருந்தால் மிக நல்லது. தண்ணீர், அரிசி, எரிவாயு எல்லாம் அவர் படகில் போகும். யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் ஒரு மணி நேரத்தில் கரைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

பேசும்போது இவற்றைத் தெளிவாகக் கேளுங்கள்: கூலி ஒரு நாளுக்கா, மொத்தப் பயணத்துக்கா? பெட்ரோல் அதில் அடக்கமா? இரவில் நம்மோடு தங்குவாரா, வீட்டுக்குப் போய்விட்டுக் காலையில் வருவாரா? அவருக்குச் சாப்பாடு நம்முடையதுதானே? கடைசிக் கேள்விக்கு அவர் பதில் சொல்வதற்கு முன்பே, ஆம், நம்முடையதுதான் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பேசி முடித்ததை மலாய் மொழியில் நான்கு வரிகளாக எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பி, சரி என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் இரண்டாவது பயணத்தில் ஒரு நாள் கணக்கு மாறிப்போய், கடைசியில் இரு தரப்புக்கும் மனக்கசப்பு வரப் பார்த்தது. அந்த நான்கு வரிகள் இருந்ததால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் பெரியவர்கள் பூர்வகுடி மக்களைச் ‘சக்காய்’ என்று சொல்வதைக் கேட்டே நாம் வளர்ந்திருக்கிறோம். அந்தச் சொல் அவர்களைப் புண்படுத்தும் வசைச்சொல். தமிழில்தானே பேசிக்கொள்கிறோம் என்று நினைக்காதீர்கள். அந்தச் சொல் எந்த மொழிக்கு நடுவில் வந்தாலும் அவர்களுக்குப் புரியும். கம்பத்துக்குள், அதாவது அவர்களுடைய கிராமத்துக்குள் நுழைந்ததும் தலைவரான பாத்தினைப் பார்த்து வணக்கம் சொல்லுங்கள். எந்த இடத்துக்குப் போகக்கூடாது, எங்கே சத்தம் போடக்கூடாது என்று கேளுங்கள். மதுப் புட்டிகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

3. ஆவணங்கள்

ஈரநிலத்தைக் கவனித்துக்கொள்வது வனவிலங்கு, தேசியப் பூங்கா இலாகாவான பெர்ஹிலித்தான். நுழைவது, இரவு தங்குவது, தூண்டில் போடுவது ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு, இரண்டு வாரம் முன்பே எழுத்தில் அனுமதி கேளுங்கள். நாங்கள் முதல் முறை தொலைபேசியில் பேசியதோடு நின்றுவிட்டோம். யாரிடம் பேசினோம் என்று பெயரைக்கூடக் குறித்து வைக்கவில்லை. ஏரிக்கு வந்த பிறகு எல்லாவற்றையும் புதிதாக எழுதிக் கொடுத்ததில் அரை நாள் போனது. தவறு எங்களுடையதே.

கையில் இருக்க வேண்டியவை:

• ஒவ்வொருவரின் மைகார்டு (மலேசிய அடையாள அட்டை), அதன் இரு பக்க நகல் இரண்டு பிரதி.

• மலேசியர் அல்லாத நண்பர் வந்தால் அசல் கடப்பிதழ், புகைப்படப் பக்கத்தின் நகல், வேலை அனுமதியின் நகல். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் நண்பர்கள் கடப்பிதழை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு நகலோடு வருகிறார்கள். வழியில் சோதனை நடந்தால் நகல் செல்லாது.

• பெயர்ப் பட்டியல்: பெயர், அடையாள எண், வயது, கைப்பேசி எண், வீட்டில் ஒருவரின் எண், சர்க்கரை, ஆஸ்துமா, ஒவ்வாமை போன்ற விவரங்கள்.

• பயணத் திட்டம் ஒரு பக்கத்தில்: நுழையும் நாள், வெளியேறும் நாளும் நேரமும், முகாம் இடங்கள், கனூக்களின் எண்ணிக்கையும் நிறமும், கார் எண்கள், வழிகாட்டியின் பெயர்.

• பதினெட்டு வயதுக்குக் கீழ் யாராவது வந்தால் பெற்றோர் கையெழுத்திட்ட கடிதம்.

• தனிநபர் விபத்துக் காப்புறுதி. நீர் விளையாட்டு விலக்கப்பட்டிருக்கிறதா என்று வாங்குவதற்கு முன் படியுங்கள். நாங்கள் முதலில் வாங்கியதில் விலக்கப்பட்டிருந்தது.

பெயர்ப் பட்டியலையும் பயணத் திட்டத்தையும் நான்கு பிரதி எடுங்கள். ஒன்று இலாகாவுக்கு, ஒன்று கம்பத்தில், ஒன்று காருக்குள் முன் கண்ணாடி அருகே, ஒன்று கோலாலம்பூரில் வீட்டிலேயே இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம். அவரிடம் ஒரு நேரத்தையும் சொல்லிவிட்டு வாருங்கள்: “ஞாயிறு இரவு எட்டு மணிக்குள் நான் அழைக்காவிட்டால் 999-க்கு அழையுங்கள்.” ஏரிக்குள் பல இடங்களில் எங்களுக்குத் தொலைபேசி அலை கிடைக்கவில்லை. ஆகவே இந்த ஏற்பாடு கட்டாயம்.

4. பயிற்சி

கனூவில் ஏறியே இராதவர்களை நேராகப் பெராவுக்கு அழைத்துப் போகாதீர்கள். புறப்படுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை காலையைப் புத்ராஜெயா ஏரியில் செலவிடுங்கள். யார் முன்னால், யார் பின்னால் என்று ஜோடியை அங்கேயே முடிவு செய்துவிடுங்கள். பின்னால் உட்காருகிறவர்தான் திசை திருப்புகிறவர். எடை கூடியவரும் பொறுமை கூடியவரும் அங்கே இருக்கட்டும். மிதவை அங்கியோடு வேண்டுமென்றே தண்ணீரில் விழுந்து திரும்ப ஏறிப் பழகுங்கள். இதைச் செய்யக் கூச்சப்படுகிற நண்பர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். விடாதீர்கள், அவரும் விழுந்து எழ வேண்டும்.

சுமை ஏற்றிய கனூவில் புதியவர்கள் மணிக்கு மூன்று கிலோமீட்டர் போனாலே அதிகம். நாளுக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போடாதீர்கள்.

5. கனூவை வாடகைக்கு எடுக்கும்போது

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் உண்டு. நாங்கள் எடுத்த கடையில் ஆறு மிதவை அங்கிகளையும் கட்டாகக் கொடுத்தார்கள். ஏரிக்கரையில் பிரித்தபோது இரண்டு குழந்தைகளுக்கானவை. ஒன்றில் கொக்கியே இல்லை. கடையிலேயே ஒவ்வொருவரும் தங்கள் அங்கியைப் போட்டு, கொக்கிகளை மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். காது வரை ஏறினால் அந்த அளவு உங்களுக்கு ஆகாது.

கனூவைக் கவிழ்த்து அடிப்பகுதியைக் கையால் தடவிப் பாருங்கள். மயிரிழை விரிசலைக் கண்ணைவிட விரல் சீக்கிரம் கண்டுபிடிக்கும். ஏற்கெனவே இருக்கும் கீறல்களைக் கடைக்காரர் முன்னிலையில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வைப்புத்தொகை முழுதாகத் திரும்ப வருவது அதைப் பொறுத்தது. ஒரு கனூவுக்கு ஒரு துடுப்பு வீதம் கூடுதலாகக் கேளுங்கள். தண்ணீர் இறைக்க, வெட்டிய எண்ணெய்ப் புட்டி ஒன்று ஒவ்வொரு கனூவிலும் கயிற்றில் கட்டியிருக்கட்டும். கார்க் கூரையில் கட்டும்போது நடுவில் இரண்டு பட்டை மட்டும் போதாது. முன்முனையையும் பின்முனையையும் காரோடு சேர்த்துக் கட்டுங்கள். பின்னால் சிவப்புத் துணி தொங்கவிடுங்கள்.

6. செலவு

ஆறு பேர், மூன்று கனூ, மூன்று பகல், இரண்டு இரவு. எங்கள் கடைசிப் பயணத்தின் கணக்கு இது:

கனூ வாடகை, ஒன்றுக்கு நாளுக்கு 70 ரிங்கிட் வீதம் மூன்று கனூவுக்கு மூன்று நாளைக்கு 630. வழிகாட்டியும் அவர் படகும், நாளுக்கு 180 வீதம் 540. இரண்டு கார்களின் பெட்ரோல், டோல் 300. சாப்பாடு 360. நுழைவு, கூடாரத் தளம், கம்பத்தில் கார் நிறுத்தம் எல்லாம் சேர்த்து 120. எரிவாயு, கயிறு, மின்கலம் 90. உடைந்த தூண்டில் முனைக்கும் தொலைந்த ஒரு துடுப்புக்கும் 60. மொத்தம் 2,100 ரிங்கிட், தலைக்கு 350.

கனூ வைப்புத்தொகை இதில் சேரவில்லை. அதைத் தனியாகக் கையில் வைத்திருங்கள். தலைக்கு 400 வசூலித்து ஒருவரே கணக்கு வைத்துக்கொள்வது நட்புக்கு நல்லது. கம்பத்தில் அட்டையோ கைப்பேசிப் பணமோ எதிர்பார்க்காதீர்கள். 10, 20 ரிங்கிட் தாள்களாக ரொக்கம் கொண்டு போங்கள்.

7. போகும் வழி, புறப்படும் நேரம்

நாங்கள் போவது சிரம்பான், கோலப்பிலா, பகாவ், லாடாங் கெட்டிஸ் வழி. காராக் நெடுஞ்சாலையில் தெமர்லோ போய்த் திரியாங் வழியாகவும் வரலாம். பகாவ் வழியை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. அந்தப் பக்கம் நம்மவர்கள் நிறைய இருக்கும் தோட்டப்புறம். பகாவ் நகரத்தில் விடியற்காலையிலேயே இட்லியும் கிடைக்கும், விட்டுப்போன மஞ்சள்தூளும் கிடைக்கும். கார்த் தொட்டியை அங்கேயே நிரப்பிவிடுங்கள். பனிக்கட்டியும் அங்கேயே வாங்கிவிடுங்கள். அதற்கப்பால் செம்பனைத் தோட்டங்களுக்குள் சாலை நீண்டுகொண்டே போகும். கனூவைக் கூரையில் வைத்துக்கொண்டு 80-க்கு மேல் ஓட்டாதீர்கள்.

வெள்ளிக்கிழமை புறப்படுகிறவர்கள் கவனியுங்கள். அன்று அரசு அலுவலகங்களில் தொழுகைக்காக மதிய இடைவேளை நீளம். பன்னிரண்டேகாலுக்கு எழுந்தால் இரண்டே முக்காலுக்குத்தான் திரும்புவார்கள். பன்னிரண்டரைக்குப் போய் நின்றால் அன்றைய துடுப்புப் பயணம் அதோடு முடிந்தது. அதிகாலை நான்கரைக்குக் கோலாலம்பூரை விட்டால், பகாவில் பசியாறி, ஒன்பது மணிக்குள் ஏரிக்கரையில் இருக்கலாம். பதிவு, சாமான் ஏற்றுவது எல்லாம் முடிந்து பத்தரைக்குத் தண்ணீரில் இறங்கலாம்.

8. கூடாரம், தண்ணீர், நெருப்பு

பெராவின் தண்ணீர் கட்டன் தேநீர் நிறத்தில் இருக்கும். அழுகிய இலைகளின் சாறு அது. காய்ச்சினாலும் நிறம் போகாது. வடிகட்டிகள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் கொண்டு போங்கள். ஆறு பேருக்கு மூன்று நாளைக்கு 72 லிட்டர், அதாவது 72 கிலோ. முதல் பயணத்தில் இந்தக் கணக்கைப் போடாமல் எல்லாவற்றையும் கனூவில் ஏற்றினோம். விளிம்புக்கும் தண்ணீருக்கும் நான்கு விரல் இடைவெளிதான் இருந்தது. வழிகாட்டியின் படகு எதற்கு என்று இப்போது புரியும்.

கூடாரத்தை வழிகாட்டி காட்டும் மேட்டில் மட்டும் போடுங்கள். மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.

விறகு நெருப்பு வேண்டாம். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். சதுப்பைச் சுற்றியுள்ள மண் பல இடங்களில் மண்ணே அன்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கிய இலையும் வேரும் சேர்ந்த கரிச்சேறு. வறண்ட மாதங்களில் அதன்மேல் மூட்டிய நெருப்பு, தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகும் அடியில் கனன்றுகொண்டு போகும். நாம் வீடு திரும்பிய பிறகு வேறோர் இடத்தில் புகையும். எரிவாயு அடுப்பு இரண்டு போதும். சோறு, ரசம், பொரித்த நெத்திலி, இரவுக்கு மீன் கறி. மசாலாவை வீட்டிலேயே அரைத்து எண்ணெயில் வதக்கிப் புட்டியில் கொண்டு வந்தால் கறி இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

சமைத்த மீனின் குடலையும் செதிலையும் படகுத் துறையில் கொட்டாதீர்கள். அங்கே கழுவவும் வேண்டாம். ஜெஜூலோங் எனப்படும் நீள்மூக்கு முதலை பதிவாகியிருக்கும் நீர் இது. மாலை மங்கிய பிறகு யாரும் குளிக்க இறங்கக் கூடாது.

9. தூண்டில்

இதற்காகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். பெராவின் ராஜா தோமான். நம் ஊர் விராலின் இனம், ஆனால் ஒரு மீட்டருக்கு மேல் வளரும், பல் கத்தி போல இருக்கும். சாதாரணத் தூண்டில் நரம்பைக் கடித்துவிட்டுப் போய்விடும். முப்பது பவுண்டு பின்னல் நரம்பும், முனையில் ஓரடிக்கு உலோகக் கம்பி அல்லது அறுபது பவுண்டு தடித்த நரம்பும் கட்டுங்கள். இரைக்கு ரப்பர் தவளை போதும். தாழை ஓரமாக எறிந்து, நீர்மேல் தத்தித் தத்தி வரும்படி இழுங்கள். விராலைப் போலத் தோமானும் காற்றைக் குடிக்க மேலே வரும். நீர் ஒரு முறை கொப்பளித்து அடங்கும் இடத்தைப் பார்த்து வைத்து, அதற்கு இரண்டு முழம் தள்ளி எறியுங்கள். விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரைதான் எங்களுக்கு நல்ல நேரமாக இருந்தது.

நீர்மேல் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் கொதிப்பதுபோல் தெரிந்தால், அதன் அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கின்றன. எதை எறிந்தாலும் கோபத்தில் பாய்ந்து கவ்வும். பிடிப்பது மிக எளிது. அதனாலேயே பலர் அங்கே எறிகிறார்கள். தயவுசெய்து எறியாதீர்கள். காவல் போனால் அந்தக் குஞ்சுகளைச் சுற்றியிருக்கும் மற்ற மீன்கள் ஒரு மணி நேரத்தில் தீர்த்துவிடும். என் நண்பர் ஒருவர் தெரியாமல் தாயைப் பிடித்து ஏற்றினார். வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. குஞ்சுகள் சிதறுவதைக் கைநீட்டிக் காட்டினார். நண்பர் அதை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் குழுவில் யாரும் அப்படிப் பிடித்ததில்லை.

கனூவில் இருந்து பெரிய மீனைப் பிடிப்பது கரையில் பிடிப்பதைப் போன்றது அன்று. மீன் மாட்டியதும் இருவரும் ஒரே பக்கம் சாய்ந்து பார்ப்பார்கள். அந்தக் கணத்தில்தான் கனூ கவிழும். ஒருவர் தூண்டில் போடும்போது மற்றவர் கையில் துடுப்பு இருக்க வேண்டும். அவருடைய வேலை கனூவைத் தாழையிலிருந்து விலக்கித் திறந்த நீருக்குக் கொண்டுவருவது. யாரும் எழுந்து நிற்கக் கூடாது. தூண்டில் முள்ளில் பின்னோக்கி நிற்கும் கூர்முனையை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனைக் கழற்றி விடவும் சுலபம், உங்கள் நண்பரின் தோளில் குத்தினால் எடுக்கவும் சுலபம்.

இரவில் முகாம் கரையிலிருந்தே மண்புழு மாட்டிப் போட்டால் பாவூங் விழும். கெளிறு இனம், குழம்புக்கு அதைவிட நல்ல மீன் இல்லை. பக்கவாட்டு முள் குத்தினால் விடியும் வரை கடுக்கும், துணி சுற்றிப் பிடியுங்கள்.

கெலிசா என்னும் அரோவானா மீன் மாட்டினால் படம்கூட எடுக்காமல் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். அழியும் நிலையிலுள்ள உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கும் மீன் அது. மின்சாரம், நஞ்சு, வெடி வைத்துப் பிடிப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். அப்படிப் பிடிக்க யாராவது கூப்பிட்டால் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு விலகி வாருங்கள். அன்றிரவுக் கறிக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது எங்கள் வழக்கம். வீட்டுக்கு மீன் கொண்டுபோகும் பேச்சே வேண்டாம்.

10. இடி மழை

பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் இடி மழை வரும் என்று வைத்துக்கொண்டே நாளைத் திட்டமிடுங்கள். விடியலில் கிளம்பி, ஒன்றரை மணிக்குள் முகாமில் இருங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால் உடனே கரை ஒதுங்குங்கள். தூண்டில் கோலைக் கீழே படுக்க வைத்துவிடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே மறுபடி இறங்க வேண்டும்.

11. திரும்பி வந்த பிறகு

ஞாயிறு பத்து மணிக்குக் கூடாரத்தைப் பிரித்தால் ஒரு மணிக்குக் கார், ஆறு மணிக்குக் கோலாலம்பூர். பதிவு செய்த இடத்தில் வெளியேறியதைச் சொல்லிவிட்டு வாருங்கள்; இல்லாவிட்டால் நீங்கள் உள்ளே இருப்பதாக நினைத்துத் தேட ஆரம்பிப்பார்கள். வீட்டில் காத்திருக்கும் அந்த ஒருவரை அலை கிடைத்த முதல் இடத்திலேயே அழைத்துவிடுங்கள்.

உடம்பைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். காலில் வெட்டுக்காயத்தோடு இந்தத் தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். 2010-இல் பகாங்கின் லுபுக் யூவில் எலிக்காய்ச்சலும், மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் நோயும் பரவி உயிர்களைப் பறித்தன. புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் போய், முன்கூட்டி மருந்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். காயத்தை நீர்புகா ஒட்டுப்பட்டையால் மூடுங்கள், மூடிய காலணி அணியுங்கள். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாளுக்குள் தலைகாட்டும்; ஒரு மாதம் வரைகூட ஆகலாம். அதற்குள் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ கண் சிவப்போ வந்தால், சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். அன்றே கிளினிக்குக்குப் போய், எந்தத் தேதியில் எந்த ஏரியில் இறங்கினீர்கள் என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பயணத் திட்டத் தாளை அந்த ஒரு மாதத்துக்குக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். தேதி அதில் இருக்கிறது.